எலிபண்டா குகைச் சிற்பங்களை ஒளிப்படமாக்கல்

மும்பையின் டிராம்பேக்குத் தெற்கே, துறைமுகக் கடற்பரப்பிலுள்ள எலிபண்டா (காராப்புரி) தீவில், ஏறத்தாழ பொ.ஆ. 6ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட சிவன் குகைக்கோயிலைப் படமெடுக்கும் பணி 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. ஜேம்ஸ் பர்ஜெஸ் 1871இல் வெளியிட்ட எலிபண்டா நூலில் டி. எச். சைக்ஸ் எடுத்த ஒளிப்படங்கள் இடம்பெற்றன.

அக்காலத்து ஈரத்தட்டு முறையில், கொலோடியன் என்னும் பசைக்கரைசல் பூசிய கண்ணாடித் தட்டை வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலருமுன் ஒளிபடச் செய்து, உடனே இருட்டறையில் உருத்துலக்க வேண்டும். குகையின் மங்கலான ஒளி நீண்ட நேரப் பதிவைக் கோரியது. வெப்பமோ தட்டை விரைந்து உலர்த்தியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய நேரத்தில் பதிவான படங்கள் வியந்து போற்றத்தக்கவை.

5 மீட்டருக்கும் உயரமான மும்முகச் சதாசிவர் தென்சுவரில் வடக்கு நோக்கி அமைந்திருப்பதால், நேர்வெயில் படாமல், வடவாயில் வழியே தூண்களுக்கிடையே நுழையும் பரவலான ஒளியே அதன்மீது விழுகிறது. முகங்களின் நுண்ணிய மேடுபள்ளங்களை இவ்வொளியே காட்டுகிறது. நேர்முகமாகப் பாய்ச்சும் மின்னொளி அவற்றைத் தட்டையாக்கிவிடும். 1987இல் உலகப் பாரம்பரியக் களமான இங்கு, கருவியை அசையாமல் தாங்கும் முக்காலியைப் பயன்படுத்த இந்தியத் தொல்லியல் துறையின் முன்அனுமதி தேவை. கைகால்கள் சிதைந்த சிற்பங்கள் பல இருப்பதால், பழைய ஒளிப்படங்கள் பாதுகாப்புப் பணிக்கு உதவும் ஒப்பீட்டுச் சான்றுகளாகவும் அமைகின்றன.