சவரக் கத்தியின் வரலாறு



ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து லயங்களில் ஒரு காட்சியை நம்மில் பலர் பார்த்திருப்போம். வாசல் தூணில் ஒரு சின்னக் கண்ணாடி தொங்கும். அப்பா முதலில் முகம் மழிப்பார். அதே கத்தியைத் தண்ணீரில் அலசிவிட்டு அண்ணன் எடுத்துக்கொள்வார். அண்ணனுக்குப் பிறகு தம்பி. சில வேளைகளில் பக்கத்து வீட்டு மாமாவும் வந்து, "அந்தக் கத்தியைக் கொஞ்சம் கொடுப்பா" என்று வாங்கிப் போவார். கத்தி ஒன்று, முகங்கள் நான்கு.

நானும் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வளர்ந்தவன்தான். மழித்த மறுநாள் கழுத்தெல்லாம் சிவந்து பொரிப்பொரியாக எழும்பும். வியர்வை பட்டால் தீப்போல எரியும். "உனக்குக் கத்தி ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள் வீட்டில். அதற்கு மேல் யாரும் காரணம் தேடியதில்லை. இன்று அந்தக் காரணத்தை, சவரக் கத்தியின் வரலாற்றிலிருந்தே தெரிந்துகொள்வோம்.

மழிப்பது மனிதனுக்குப் புதிய பழக்கம் அன்று. எகிப்து நாட்டின் பழைய கல்லறைகளில் செம்பாலும் வெண்கலத்தாலும் ஆன சவரக் கத்திகள் கிடைத்திருக்கின்றன. நம் திருக்குறளிலும் மழித்தல் என்ற சொல் இடம்பெற்றிருக்கிறது. போர்க்களத்தில் எதிரியின் பிடிக்குள் தாடி சிக்கிவிடக் கூடாது என்பதற்காக அலெக்சாண்டர் தம் வீரர்களை மழித்துக்கொள்ளச் செய்தார் என்று புளூட்டாக் எழுதியிருக்கிறார். ரோமாபுரியில் வாழ்ந்த பிளினி என்ற அறிஞர், சவரக் கத்தி பட்டு இரத்தம் வந்தால் சிலந்தி வலையை வைத்து நிறுத்தலாம் என்று குறித்து வைத்தார். நம் வீடுகளில் காயத்தின் மேல் காப்பித் தூளை அப்புகிறோமே, அதைப் போன்றதுதான் அதுவும். இரண்டுமே இன்று வேண்டாம். அழுக்கும் கிருமியும் காயத்துக்குள் போய்விடும்.

பழைய கத்திகளின் குறை என்ன? வெண்கலம் மென்மையான உலோகம். அதன் முனை விரைவில் மழுங்கும். மழுங்கிய கத்தி முடியை அறுப்பதில்லை, பிடித்து இழுக்கிறது. இழுபடும்போது தோல் நோகிறது. இந்தக் குறை தீரப் பல நூற்றாண்டுகள் ஆயின. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகருக்கு அருகே, 1740ஆம் ஆண்டுகளில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவர் மூசையில் இட்டு எஃகை உருக்கும் முறையைக் கண்டார். ஒரே சீரான, கடினமான எஃகு அதிலிருந்து கிடைத்தது. அந்த எஃகால் செய்த மடக்குக் கத்திகளால் ஷெஃபீல்டு உலகப் புகழ் பெற்றது.

ஆனால், கத்தி கூர்மையானபோது ஆபத்தும் கூடியது. மடக்குக் கத்தியைச் சாணைக் கல்லில் தீட்டி, தோல்வாரில் தடவி, சரியான சாய்வில் பிடிக்கத் தேர்ந்த கை வேண்டும். ஆகவே, மரத்தடியில் நாற்காலி போட்டு மழித்துவிட்ட தொழிலாளியின் கையில் நம் முன்னோர் நம்பிக்கையோடு கழுத்தைக் கொடுத்தார்கள். அது எளிய வேலை அன்று, பெரிய கைத்திறன்.

அந்தத் திறன் என்ன என்பதைப் பால்மரம் சீவியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். பட்டையைச் சீவலாம், உள்ளே இருக்கும் மரத்தைத் தொடக் கூடாது. கத்தி ஆழமாகப் போனால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். முகச் சவரத்திலும் இதே விதிதான். முடியை அறுக்கலாம், தோலைச் சீவக் கூடாது.

இந்த விதியைக் கையின் திறமைக்கே விட்டுவிடாமல், கருவியிலேயே அமைக்க முடியுமா? முதலில் அப்படிச் சிந்தித்தவர்களுள் ஒருவர், ஷான் ஜாக் பெரே என்ற பிரெஞ்சுக் கத்தி வினைஞர். தச்சரின் இழைப்புளியில் கத்தியின் நுனி மட்டுமே வெளியே தெரியும் அல்லவா? அதைக் கண்டு, சவரக் கத்திக்கும் மரத்தால் ஓர் உறை செய்தார். கத்தி ஆழமாக இறங்காதபடி அந்த உறை தடுத்தது. தமக்குத் தாமே மழித்துக்கொள்வது எப்படி என்று 1769இல் அவர் ஒரு நூலும் எழுதினார். பின்னர் 1880இல், அமெரிக்காவில் காம்ஃபே சகோதரர்கள் காப்புத் தகடு வைத்த கத்திக்கு உரிமம் பெற்றார்கள். என்றாலும் அதன் அலகையும் அடிக்கடி தீட்ட வேண்டியிருந்தது.

தீட்டும் வேலையே இல்லாமல் செய்தவர் கிங் கேம்ப் ஜில்லெட். அவர் புட்டி மூடிகள் விற்கும் விற்பனையாளர். 1895இல் ஒருநாள் காலை மழிக்கப் போனபோது கத்தி மழுங்கியிருந்தது. மெல்லிய தகட்டில் முனை வைத்து, மழுங்கியதும் எறிந்துவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினமாக்க முடியாது என்று விவரம் அறிந்தவர்கள் கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதைச் செய்து காட்டினார். விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டு முழுவதும் விற்றவை 51 கத்திகளும் 168 பிளேடுகளும் மட்டுமே. மறு ஆண்டிலோ 90,000க்கும் மேற்பட்ட கத்திகள் விற்றன.

அடுத்து வந்தது முதல் உலகப் போர். போரில் நச்சுப் புகை வீசினார்கள். அதிலிருந்து தப்ப அணியும் முகமூடி, தாடி இருந்தால் முகத்தோடு ஒட்டி நிற்காது. இடுக்கு வழியாகப் புகை நுழைந்துவிடும். ஆகவே போர் வீரன் ஒவ்வொருவனும் மழித்தாக வேண்டியதாயிற்று. 1918இல் அமெரிக்க அரசு தன் படைக்காக 35 லட்சம் கத்திகளையும் 3 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிளேடுகளையும் வாங்கியது. வீரனுக்குச் சொந்தக் கத்தி கிடைத்தது. போர் முடிந்ததும் அந்தப் பழக்கத்தோடு வீடு திரும்பினார்கள்.

அதே காலத்தில் நடந்த இன்னொரு செய்தியையும் கேளுங்கள். பிரிட்டிஷ் படையிலும் அமெரிக்கப் படையிலும் சில வீரர்களுக்கு முகத்திலும் கழுத்திலும் கரும்புண் தோன்றியது. அது ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய கால்நடை நோய். சிலர் இறந்தும் போனார்கள். போர்க்களத்தில் மாட்டு நோய் எப்படி வந்தது? ஆராய்ந்தபோது, சோப்பு நுரை தடவும் பிரஷில் காரணம் இருந்தது. சரியாகக் கிருமி நீக்காத குதிரை மயிரால் அந்தப் பிரஷ்களைச் செய்திருந்தார்கள். மயிரில் ஒட்டியிருந்த கிருமி, சவரக் கீறல் வழியாக உடலுக்குள் புகுந்தது. 1920இல் ஜப்பானிலிருந்து சவரப் பிரஷ்கள் வருவதைப் பிரிட்டன் தடை செய்தது.

நேயர்களே, இதிலிருந்து உலகம் கற்ற பாடம் பெரியது. மழித்த முகம் நமக்கு வழவழப்பாகத் தெரிகிறது. உண்மையில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் அதில் இருக்கும். ஒவ்வொரு கீறலும் கிருமிக்குத் திறந்து வைத்த கதவு.

இப்போது அந்த நாலு முகக் கத்திக்கு வருவோம். கல்லீரலைக் கெடுக்கும் ஹெப்படைடிஸ் பி என்ற நோய்க் கிருமி இரத்தத்தின் வழியாகப் பரவுகிறது. உடலுக்கு வெளியே, காய்ந்துபோன இரத்தத்திலும் அது 7 நாள் வரை உயிர்ப்போடு இருக்கும். கத்தியில் இரத்தம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. தண்ணீரில் அலசினால் அது போய்விடாது. மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஹெப்படைடிஸ் சி என்ற மற்றொரு கிருமிக்குத் தடுப்பூசியே இல்லை. ஆகவே, தகப்பன் பிள்ளை என்றாலும் கத்தி வேறு வேறாகத்தான் இருக்க வேண்டும். முடிதிருத்தும் நிலையத்தில், "அண்ணே, புதுப் பிளேடு போடுங்கள்" என்று கேட்பதில் வெட்கம் இல்லை. நல்ல தொழிலாளி கேட்பதற்கு முன்பே நம் கண்ணெதிரில் மாற்றிவிடுவார்.

சரி, சொந்தக் கத்தி வந்துவிட்டது. எரிச்சல் ஏன் போகவில்லை? இதற்கும் விடை உண்டு.

முடியை விட எஃகு ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. ஆயினும் முடியை வெட்டி வெட்டிப் பிளேடு கெட்டுப்போகிறதே, அது எப்படி? 2020இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் நுண்நோக்கி வைத்துப் பார்த்தார்கள். வெட்டும்போது முடி வளைந்து பக்கவாட்டில் அழுத்துகிறது. அதனால் முனையில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன என்று கண்டார்கள். அந்தப் பெயர்ந்த முனைதான் நம் தோலைப் பிறாண்டுகிறது. ஆகவே 5 முதல் 7 தடவைக்குள் பிளேடை மாற்றுவது நல்லது. மழித்த பின் கத்தியை அலசி, நீரை உதறி, காய்ந்த இடத்தில் வையுங்கள். பழைய பிளேடை ஒரு டின்னில் போட்டு மூடி வையுங்கள். குப்பையில் வீசினால் அது பிள்ளைகளின் காலையோ கையையோ அறுக்கும்.

அடுத்தது தண்ணீர். முடி தண்ணீரை உறிஞ்சி ஊறினால் மென்மையாகிவிடும். அதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். ஆகவே குளித்த பிறகு மழியுங்கள். இல்லையேல் வெந்நீரில் நனைத்த துணியை முகத்தில் சற்று நேரம் வைத்திருங்கள். பிறகு சோப்பு நுரையை நன்றாகத் தேயுங்கள். துணி சோப் வேண்டாம். அதன் காரம் தோலை வறட்டிவிடும்.

பிறகு முடி வளரும் திசையை விரலால் தடவிப் பாருங்கள். கன்னத்தில் ஒரு திசை, கழுத்தில் வேறு திசையாக இருக்கும். வளரும் திசையிலேயே, அழுத்தாமல், சிறிது சிறிதாகக் கத்தியை இழுங்கள். தோலை இழுத்துப் பிடித்து, எதிர்த்திசையில் ஒட்ட மழித்தால் முடியின் நுனி தோலுக்குக் கீழே போய்விடும். சுருள் முடி உள்ளவர்களுக்கு அந்த நுனி வளைந்து தோலுக்குள்ளேயே வளரும். கழுத்தில் எழும்பும் பொரிகளில் பெரும்பாலானவை இவைதாம். கத்தி ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொன்னார்களே, அதன் உண்மையான பொருள் இதுதான். அவற்றை ஊசியால் கிளறாதீர்கள். மூன்று நான்கு வாரம் கத்தி படாமல் விட்டு, கத்தரியால் மட்டும் குறைத்து வாருங்கள். சீழ் வைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மழித்து முடித்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, துணியால் ஒற்றி எடுங்கள். படிகாரம் சிறு கீறலின் இரத்தத்தை நிறுத்தும். ஆனால் அது எல்லாக் கிருமியையும் கொன்றுவிடாது. படிகாரக் கட்டியையும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளக் கூடாது. வாசனைச் சாராயத் தைலங்கள் எரிவதால் நன்மை செய்கின்றன என்று எண்ணாதீர்கள். அவை தோலை வறட்டும். வாசனை சேராத களிம்பு சிறிது தடவினால் போதும். பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் தெளிக்கப் போகிறவர்கள் காலையில் மழிக்க வேண்டாம். முதல்நாள் மாலையில் குளித்துவிட்டு மழித்தால், கீறல் ஆறுவதற்கு இரவு முழுவதும் நேரம் கிடைக்கும்.

தாய்மார்களே, வீட்டில் மீசை அரும்பிய பிள்ளை இருந்தால், அவன் அப்பாவின் கத்தியை ஒளிந்து எடுக்கும் முன்பே அவனுக்கென்று ஒன்று வாங்கிக் கொடுங்கள். அப்பாமார்களே, அவனை அருகில் நிறுத்தி, முடியின் திசையைத் தடவிப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். தூணில் தொங்கும் கண்ணாடி ஒன்றாகவே இருக்கட்டும்; கத்தி மட்டும் ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும்.