பழவேற்காட்டில் தஞ்சம் புகுந்த சபை

தமிழகத்தில் புராட்டஸ்டண்ட் சபையின் கதையை 1706-இல் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் கரையிறங்கியதிலிருந்து தொடங்குவதே வழக்கம். பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காட்டுக்குப் போனால் இந்தக் கணக்கு இடிக்கும். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1613-இலேயே அங்கே கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிவிட்டார்கள். அவர்களோடு அவர்களுடைய சீர்திருத்தச் சபையும் வந்து சேர்ந்தது.

1630-களில் அங்கே போதகராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜர். பத்மநாபன் என்ற பிராமணரிடம் போர்த்துகீசிய மொழியில் கேட்டுக் கேட்டு, இங்குள்ள சமய வழக்கங்களை எழுதிவைத்தார். பர்த்ருஹரியின் நீதிமொழிகள் டச்சு மொழிக்குப் போனதும் அந்த வழியில்தான். அவர் இறந்தபின், 1651-இல், லெய்டன் நகரில் புத்தகம் வெளிவந்தது. புத்தகம் நின்ற அளவுக்குச் சபை வேரூன்றவில்லை. அது பெரும்பாலும் டச்சுக் கம்பெனி ஆட்களின் சபை. துணியோடு அடிமைகளையும் கப்பலேற்றிய துறைமுகம் அது என்பதையும் மறைப்பதற்கில்லை.

தமிழ்ச் சபை அங்கே வந்தது சண்டையால். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். சென்னை மிஷன் பொறுப்பில் இருந்த பெப்ரீஷியஸ் ஐயர், தம் சபையாரோடு பழவேற்காட்டுக்கு வந்து ஒல்லாந்தரின் நிழலில் தங்கினார். ஐரோப்பாவில் சமாதானமாகி, 1749-இல் சென்னை மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1752-இல் வேப்பேரியில் அந்தச் சபைக்கு ஒரு கோவில் கிடைத்தது. ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் கட்டிய கத்தோலிக்கச் சிற்றாலயம் அது; சைதாப்பேட்டைப் பாலம் கட்டிய அதே உஸ்கான்! 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லல்லியின் படை வந்தபோது ஐயர் மீண்டும் பழவேற்காட்டுக்கே ஓடிவந்தார். பின்னாளில் தமிழ் வேதாகமத்தையும் ஞானப்பாட்டுகளையும் அகராதியையும் தந்தவர் இருமுறை உயிர் தப்ப வந்த ஊர் என்று இங்கே ஒரு பலகைகூட வைக்கலாம்.

கோட்டையை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். 1825-இல் ஊரும் அவர்களிடம் நிரந்தரமாகப் போனது. இப்போது கோட்டை இருந்த இடம் முள்புதர். எஞ்சியது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம். வாசலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே குடும்பச் சின்னங்கள் செதுக்கிய கனத்த கற்பலகைகள்.

பறவை பார்க்கவும் இறால் வாங்கவும் பழவேற்காடு போகிறவர்கள் இங்கேயும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கற்களில் பெயர் மட்டும் கிறுக்காதீர்கள். அடுத்த வாரம், உஸ்கானின் சிற்றாலயத்தைத் தேடி வேப்பேரிக்குப் போவோம்.