போனென்காய்: ஜப்பானிய அலுவலகங்களின் ஆண்டிறுதி விருந்து

போனென்காய் என்பது ஜப்பானில் அலுவலகங்களும் நண்பர் குழுக்களும் பெரும்பாலும் டிசம்பர் மாதத்தில் நடத்தும் ஆண்டிறுதி விருந்து ஆகும். 'போ' என்பது மறத்தலையும், 'நென்' ஆண்டையும், 'காய்' கூட்டத்தையும் குறிக்கும். கழிந்த ஆண்டின் தொல்லைகளை மறந்து புத்தாண்டுக்குள் நுழைவது இதன் நோக்கம். அன்று பதவி வேறுபாட்டையும் மறக்கலாம் என்பர். அப்படி உண்மையில் மறக்க முடிந்ததா என்பது இவ்விருந்தின் வரலாறு முழுவதும் தொடரும் கேள்வியாகும்.

தோற்றம்

15ஆம் நூற்றாண்டில் இளவரசர் சதபுசா எழுதிய நாட்குறிப்பில், ஆண்டிறுதியில் கவிதை பாடி, மது அருந்தி, ஆடிக் களித்த ஒரு கூட்டம் 'ஆண்டை மறத்தல்' என்ற பொருளில் குறிக்கப்பட்டுள்ளது. எடோ காலத்தில் இவ்வழக்கம் பொதுமக்களிடமும் பரவியது. மெய்ஜி காலத்தில் அரசு அலுவலர்களும் மாணவர்களும் இதைக் கொண்டாடினர். நத்சுமே சோசெகி எழுதி 1905இல் வெளிவரத் தொடங்கிய 'நான் ஒரு பூனை' என்ற நாவலில் 'போனென்காய்' என்ற சொல் இடம்பெறுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பொருளாதார வளர்ச்சிக் காலத்தில் இது நிறுவனங்களின் ஆண்டு வழக்கமாக வேரூன்றியது. குளிர்கால போனஸ் கிடைக்கும் மாதமும் டிசம்பரே.

'மரியாதை பார்க்க வேண்டாம்'

விருந்தின் தொடக்கத்தில் மேலதிகாரி, "இன்று புரெய்கோ" என்று அறிவிப்பதுண்டு. மரியாதை முறைகளை விலக்கிய கூட்டம் என்பது இதன் பொருள். இச்சொல்லுக்குப் பழைய வரலாறு உண்டு. பேரரசர் கோ-தைகோவின் ஆதரவாளர்கள் காமகுரா ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டு, பதவி வரிசை பாராமல் விருந்துகளில் கூடினர் என்று 'தைஹெய்கி' என்னும் போர் வரலாற்று நூல் கூறுகிறது. வந்த வீரர்களின் மனத்தை ஆழம் பார்ப்பதும் அவ்விருந்தின் நோக்கமாக இருந்தது. 1324இல் சதி வெளிப்பட்டது.

இக்கால அலுவலகத்திலும் அந்த அறிவிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இளையவர்களுக்குச் சொல்லப்படும் முதல் பாடம். மது மயக்கத்தில் மேலதிகாரியைக் குறைகூறிய ஊழியரின் பேச்சு மறுநாளும் நினைவில் இருக்கும்.

விருந்து ஒழுங்கு

வாசலுக்குத் தொலைவான இடம் 'கமிசா' எனப்படும் மேலிடம்; அங்கு மூத்தவர் அமர்வார். வாசலை ஒட்டிய 'ஷிமோசா' என்ற கீழிடம் இளையவருக்கும், விருந்தை ஏற்பாடு செய்யும் 'கன்ஜி'க்கும் உரியது. உணவு சொல்வதற்கும் பணம் செலுத்துவதற்கும் எழுந்து செல்ல அவ்விடம் வசதியானது. 'கன்பாய்' என்று எல்லோரும் குவளை உயர்த்தும் முன் யாரும் அருந்துவதில்லை. குவளைகளைத் தொடும்போது இளையவர் தம் குவளையைச் சற்றுத் தாழ்த்திப் பிடிப்பார். தமக்குத் தாமே ஊற்றிக்கொள்ளாமல், மற்றவர் குவளையைக் கவனித்து இரு கைகளாலும் ஊற்றுவது முறை. பலரும் ஒரே தாளத்தில் கைதட்டி விருந்தை முடிப்பர். மறுநாள் காலையில் மேலதிகாரிக்கு நன்றி சொல்வதும் மரியாதையாகக் கருதப்படுகிறது.

மறுக்க முடியாத குவளை

இம்முறைகளின் பாரம் பெரும்பாலும் இளையவர் மீதே விழுந்தது. மேலதிகாரி ஊற்றிய மதுவை மறுப்பது அவரையே மறுப்பதாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஜப்பானியரில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினருக்கு, மது உடலில் சிதையும்போது உருவாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளை அகற்றும் நொதி மரபு வழியாகவே வலுவற்றது. சிறிதளவு மதுவிலேயே அவர்களுக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டல் வரும். 1980களில் சுற்றியிருப்போர் கூச்சலிட ஒரே மூச்சில் குடிக்கும் வழக்கம் பரவியது. அவ்வாறு குடித்து இறந்த இளைஞர்களின் குடும்பங்கள் இதற்கு எதிராகக் குரல் கொடுத்தன. மது அருந்தும்படி வற்புறுத்துவதை 'அருஹரா' என்ற தனிச்சொல்லால் குறிக்கும் வழக்கமும் உருவானது.

சட்டமும் மாற்றமும்

2007இல் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டம், வாகனம் ஓட்டவிருப்பவருக்கு மது கொடுத்தவரையும், அவர் குடித்திருப்பதை அறிந்தே உடன் பயணம் செய்தவரையும் தண்டனைக்கு உள்ளாக்கியது. அதன்பின் விருந்தில், "வண்டி ஓட்டப்போவது யார்?" என்று கேட்பது ஊற்றுபவரின் கடமையாயிற்று.

பதவி அதிகாரத்தைப் பயன்படுத்தித் துன்புறுத்துவதைத் தடுக்கும் பொறுப்பைச் சட்டம் நிறுவனங்கள் மீது சுமத்தியது. இது 2020 ஜூன் முதல் பெரிய நிறுவனங்களுக்கும், 2022 ஏப்ரல் முதல் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் கட்டாயமானது. வேலை நேரத்துக்குப் பிந்தைய விருந்தாயினும், நடைமுறையில் பணியின் தொடர்ச்சியாக இருந்தால் அதுவும் பணியிடமே என்று தொழிலாளர் நல அமைச்சகம் விளக்கியுள்ளது.

விருந்தைத் தவிர்க்க விரும்புவோரின் குரல் 2019 இறுதியில் சமூக ஊடகங்களில் வெளிப்படையாக ஒலித்தது. அடுத்த ஆண்டு கொரோனா பெருந்தொற்றால் பல நிறுவனங்கள் விருந்தையே கைவிட்டன. பின்னர் அது மீண்டபோது, மதிய உணவாகவும் மது இல்லாமலும் நடத்துவோர் தோன்றினர். ஊலாங் தேநீர்க் குவளையை உயர்த்தி 'கன்பாய்' சொல்வது இன்று ஏற்கப்பட்ட முறை. முன்பு இளையவர் மேலதிகாரியின் குவளை காலியாகிறதா என்று பார்த்தார். இன்று இளையவர் வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது மேலதிகாரியின் பொறுப்பாகியுள்ளது.