சிவகாசி வெயிலுக்கு எந்த கிச்சன் கப்போர்டு தாங்கும்? மரைன் பிளைவுட் முதல் கடப்பா கல் வரை

இன்டீரியர் வீடியோக்களில் வரும் 'டிராப்பிக்கல் கிச்சன்' பார்க்க அழகுதான். பிரம்பு பின்னிய கதவு, திறந்த மரத் தட்டு, ஓரமாக ஒரு பச்சைச் செடி. ஆனால் கேரளா, கோவா மாதிரி ஈரக்காற்று அடிக்கும் ஊர்களுக்குப் பொருந்துவது விருதுநகர், சாத்தூர், சிவகாசி பக்கம் அப்படியே பொருந்தாது.

இங்கே வருஷத்தில் பெரும்பகுதி வறண்ட காற்று. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1920-களில் காலூன்றியதற்கும், பிறகு பட்டாசும் அச்சகமும் வளர்ந்ததற்கும் இந்த வறட்சி ஒரு முக்கியக் காரணம். குச்சியைச் சீக்கிரம் காய வைக்கும் அதே வெயில், சரியாகப் பதப்படுத்தாத மரக்கதவையும் வெடிக்க வைக்கும். சித்திரையில் சுருங்கிய கதவு ஐப்பசி மழையில் ஊதிக்கொண்டு திறக்க வராது. மலையடிவாரத்தில் இருக்கும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஈரத்தையும் கொஞ்சம் கூடுதலாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

எல்லாத்துக்கும் மரைன் பிளைவுட் தேவையா?

தேவையில்லை. கடைக்காரர் 'வாட்டர் ப்ரூஃப்' என்று சொல்வதை விட்டுவிட்டு, பலகையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எம்.ஆர் என்றால் லேசான ஈரம் தாங்கும். பி.டபிள்யூ.ஆர் அதைவிட மேல். ஐ.எஸ். 710 என்பதுதான் மரைன். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் ஒட்டு விடக்கூடாது என்பது இதற்கான சோதனை. ஐ.எஸ்.ஐ முத்திரையுடன் இருக்கும் லைசென்ஸ் எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டு, அசலா போலியா என்று பார்த்துவிடலாம்.

சிங்க்குக்குக் கீழே மரைன் போடுங்கள். தண்ணீர் படாத மேல் கப்போர்டுக்கு இந்த ஊர்க் காற்றில் எம்.ஆர் போதும். அங்கே மிச்சமாகும் பணத்தை நல்ல கீல், சேனல் வாங்கச் செலவழிக்கலாம். விலை குறைவு என்று பார்ட்டிகிள் போர்டு வாங்கினால், சிங்க் பைப் ஒருமுறை ஒழுகினாலே போதும், பலகை உப்பிவிடும். அப்புறம் அது பழைய நிலைக்குத் திரும்பாது.

கரையானுக்கு என்ன வழி?

மரைன் பலகை என்றால் கரையானே வராது என்று நினைக்க வேண்டாம். சுவரும் தரையும் சேரும் இடுக்கு, ஒயர் பைப் என எந்த வழியாகவும் அது ஏறும். புதுவீடு என்றால் அஸ்திவாரம் போடும்போதே ஐ.எஸ். 6313 தரப்படி மண்ணுக்கு மருந்தடிக்கச் சொல்ல வேண்டும். கட்டி முடித்த வீட்டிலும் தரையோரம் துளை போட்டு மருந்து செலுத்தலாம். ஆனால் கப்போர்டு மாட்டும் முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.

இதனால்தான் பலர் பி.வி.சி, டபிள்யூ.பி.சி பக்கம் போகிறார்கள். கரையான் அரிக்காது, தண்ணீருக்கும் பயமில்லை. பலவீனம் சூடுதான். சுமார் 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பி.வி.சி இளக ஆரம்பிக்கும். அடுப்பை ஒட்டி, நேர்மேலே அதைப் போடக்கூடாது. நீளமான தட்டில் அரிசி டப்பாவும் எண்ணெய் டின்னும் அடுக்கினால் நடுவில் தொய்யவும் செய்யும்.

நம்ம ஊர்ப் பழைய வழியே இன்னும் தோற்கவில்லை. செங்கல் தடுப்பு, நடுவில் கடப்பா கல் தட்டு, முன்பக்கம் கதவு மட்டும் அலுமினியத்திலோ பிளைவுட்டிலோ. வெயிலில் சுருங்காது, மழையில் ஊதாது, கரையான் அரித்தாலும் கதவோடு போயிற்று. பிறகு இடம் மாற்ற முடியாது என்பதுதான் குறை. சொந்த வீட்டுக்கு இதுவே நல்ல தேர்வு. வாடகை வீட்டுக்குச் சரிப்படாது. கதவு எதுவானாலும் மூடியே இருக்கட்டும். திறந்த தட்டில் கரிசல் புழுதி படிந்து, தாளிக்கும் எண்ணெய்ப் புகையோடு சேர்ந்து பிசுக்காகிவிடும். பிரம்பு பின்னலிலும் இதே தொல்லைதான்.

சிலிண்டரை கப்போர்டுக்குள் மறைக்கலாமா?

அழகுக்காகச் செய்யும் இந்த ஒரு வேலைதான் உயிருக்கே ஆபத்தாக முடியும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். மூடிய கப்போர்டுக்குள் தேங்கினால் வாடைகூட வெளியே தாமதமாகத்தான் வரும். கட்டாயம் உள்ளேதான் வைக்க வேண்டும் என்றால், கதவின் அடிப்பகுதியில் தரையை ஒட்டி காற்றுத் துளை விடுங்கள். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும், ரெகுலேட்டர் சட்டென்று கைக்கு எட்ட வேண்டும். அந்த அறைக்குள் பிளக் பாயின்ட் வேண்டாம். ரப்பர் டியூபை 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்; பலகைக்குப் பின்னால் ஒளித்துவிட்டால் வெடிப்பு விட்டாலும் கண்ணில் படாது.

பட்டாசு ஊர் என்பதால் இன்னொன்று. தீபாவளிக்கு வாங்கிய கிஃப்ட் பாக்ஸும், மிச்சமான சரவெடியும் பல வீடுகளில் சமையலறை பரணுக்குத்தான் போகின்றன. சூடு மேலே ஏறித் தங்கும் இடம் அது, கீழே அடுப்பு. பரணுக்குக் கதவு போட்டுவிட்டால் உள்ளே இருப்பதே மறந்துபோகும். பட்டாசு வைக்க வேறு அறை பாருங்கள்.