யார் ‘தொடர்புடைய தரப்பினர்’? உலக வங்கித் திட்டங்களில் நிலமற்றோரின் இடம்

உலக வங்கிக் கடனில் நிறைவேறும் திட்டங்களின் அறிக்கைகளில் ‘தொடர்புடைய தரப்பினருடன் கலந்தாலோசிக்கப்பட்டது’ என்ற வாக்கியம் தவறாமல் இடம்பெறுகிறது. அத்தரப்பினரின் பட்டியல் எந்த ஆவணத்தைக் கொண்டு தயாரிக்கப்பட்டது என்பதே நாம் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி. பட்டாவை மட்டும் பார்த்து எழுதப்படும் பட்டியலில், அந்நிலத்தில் தலைமுறைகளாக உழைத்த தலித் கூலித் தொழிலாளர் இடம்பெற மாட்டார்.

இன்றைய விதிகள் போராட்டத்தால் பிறந்தவை. சர்தார் சரோவர் அணைத் திட்டத்திற்கு 1985இல் உலக வங்கி 45 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. நர்மதைப் பள்ளத்தாக்கு மக்களின் எதிர்ப்பால் அமைக்கப்பட்ட மோர்ஸ் குழு, மக்களை முறையாகக் கலந்தாலோசிக்காமலே திட்டம் முன்னெடுக்கப்பட்டதை 1992இல் சுட்டிக்காட்டியது. 1993 மார்ச்சில் எஞ்சிய கடனை இந்தியா கைவிட்டது. அதே ஆண்டு, பாதிக்கப்பட்டோர் நேரடியாக முறையிடுவதற்கான ‘இன்ஸ்பெக்‌ஷன் பேனல்’ எனும் விசாரணைக் குழுவை வங்கி உருவாக்கியது.

2018 முதல் நடைமுறையிலுள்ள வங்கியின் சுற்றுச்சூழல், சமூகக் கட்டமைப்பில் இரு தரநிலைகள் நமக்கு முதன்மையானவை.

பத்தாம் தரநிலையின்படி, பின்தங்கிய, எளிதில் பாதிக்கப்படக்கூடிய பிரிவினரைக் கடன் பெறும் அரசு தனியே அடையாளம் காண வேண்டும். அவர்களை ஈடுபடுத்தும் திட்டத்தின் வரைவை, வங்கியின் மதிப்பீட்டிற்கு முன்பே வெளியிட வேண்டும். குறைதீர் அமைப்பும் கட்டாயம்.

ஐந்தாம் தரநிலையின்படி, நில உரிமை ஆவணம் இல்லாமல் குடியிருப்போருக்கும் மறுவாழ்வு உதவியும், வீடு முதலிய உடைமைகளுக்கு இழப்பீடும் உண்டு. ஆனால் அறிவிக்கப்பட்ட வெட்டுத் தேதிக்குப் பின் குடியேறியவர்களுக்கு இது பொருந்தாது. எனவே அத்தேதிக்கு முந்தைய குடியிருப்பை மெய்ப்பிக்கும் குடும்ப அட்டை, மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றைத் திரட்டுவது அவசரப் பணி.

2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டமும், மூன்று ஆண்டுகள் அங்கு உழைத்து, அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட விவசாயக் கூலிகளையும் குத்தகையாளர்களையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என வரையறுக்கிறது. எனினும் தமிழ்நாட்டின் நெடுஞ்சாலைச் சட்டம், தொழில்நோக்கச் சட்டம் ஆகியவற்றின்கீழ் நிலம் எடுக்கப்படும்போது சமூகத் தாக்க மதிப்பீடு தவிர்க்கப்படுகிறது. அத்தகைய திட்டத்தில் உலக வங்கிக் கடன் இருந்தால், மாநிலச் சட்டம் தந்த விலக்கு கடன் ஒப்பந்த நிபந்தனைகளை நீக்கிவிடாது. இந்த இடைவெளியையே நாம் பயன்படுத்த வேண்டும்.

வங்கி நிர்வாகத்திடம் முதலில் எழுத்தில் முறையிட வேண்டும். தீர்வு கிட்டாவிடில், பாதிக்கப்பட்ட இருவர் சேர்ந்தாலே விசாரணைக் குழுவை அணுகலாம். பெயரை இரகசியமாக வைக்கவும் கோரலாம். ஆதிக்கச் சாதியினரின் பழிவாங்கலுக்கு அஞ்சும் சேரி மக்களுக்கு இது பெரும் பாதுகாப்பு. இக்குழுவால் தீர்ப்பு வழங்க இயலாது. விதிமீறலைக் கண்டறிந்து வங்கியின் இயக்குநர் குழுவிடம் அறிக்கை அளிக்க மட்டுமே இயலும்.

ஆகவே, திட்டம் முடிந்தபின் முறையிடுவதைவிட, வரைவு வெளியாகும் நாளிலேயே பட்டியலைக் கேட்டுப் பெற்று, விடுபட்ட ஒவ்வொரு குடும்பத்தையும் எழுத்தில் பதிவு செய்வதே நம் முதற்கடமை.