எச்டிஎம்எல் மின்னஞ்சல்

எழுத்து, படம், அட்டவணை, பொத்தான் ஆகியவற்றை இணையப் பக்கம் போல அடுக்கி அனுப்பும் மடல் எச்டிஎம்எல் மின்னஞ்சல் எனப்படும். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரக் காலணி, தோல் ஏற்றுமதி நிறுவனங்கள் புதிய மாதிரிகளை ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன் வாங்குநர்களுக்குக் காட்ட இது செலவு குறைந்த வழி. ஆனால் ஆம்பூரில் அழகாகத் தெரிந்த மடல், வாங்குநரின் திரையில் சிதைந்து கிடக்கக்கூடும்.

ஒவ்வொரு அஞ்சல் செயலியும் மடலின் நிரலைத் தன் போக்கில் படிப்பதே காரணம். ஆப்பிள் மெயில் உலாவிக்கு நிகரானது; ஏறக்குறைய எல்லாவற்றையும் காட்டும். ஜிமெயில், தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் விதிகளில் தனக்கு ஒவ்வாதவற்றை நீக்கும். நிரல் சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டினால் மீதியை மறைத்துவிடும். பெருந்தொல்லை விண்டோஸ் அவுட்லுக்தான். 2007 பதிப்பில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பொறியைக் கைவிட்ட மைக்ரோசாஃப்ட், மடலைக் காட்டும் வேலையை வேர்டு பொறியிடம் கொடுத்தது. புதிய அவுட்லுக் அதிலிருந்து விலகிவிட்டது. பழையது இன்னும் பல அலுவலகங்களில் இயங்குகிறது.

இதனால் மடலின் எலும்புக்கூடு இன்றும் பழைய பாணி அட்டவணைதான். அகலம் 600 பிக்சல் அளவில் இருக்கும். நிறமும் எழுத்தளவும் அந்தந்தக் குறியிலேயே எழுதப்படும். சிஎஸ்எஸ்ஸின் ஃப்ளெக்ஸ், கிரிட் அடுக்கு முறைகளை நம்ப முடியாது.

படத்தில்தான் கவனம் மிகுதியாக வேண்டும். 2400 பிக்சல் அகல ஷூ படத்துக்கு சிஎஸ்எஸ்ஸில் உச்ச அகலம் மட்டும் குறித்தால், பழைய அவுட்லுக் அதைக் கண்டுகொள்ளாது. படம் முழு அளவில் விரிந்து, பக்கத்து விலைக் கட்டத்தைத் திரைக்கு வெளியே தள்ளிவிடும். படக் குறியிலேயே அகலம் 280 என்று எழுதினால் அடங்கும். பின்னணி நீக்கிய பிஎன்ஜி படமாக வைத்த கறுப்பு ஷூ, டார்க் மோடில் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். வெள்ளைப் பின்னணியுடன் ஜேபெக் படமாக வைப்பது பாதுகாப்பு. அவுட்லுக்கின் 2007 முதல் 2016 வரையான பதிப்புகள் அசையும் ஜிஃப் படத்தின் முதல் சட்டத்தை மட்டுமே காட்டின.

ஆர்டிகிள் எண், தோல் வகை, சைஸ், விலை, டெலிவரி தேதி ஆகிய எல்லாவற்றையும் ஒரே படமாக்கி அனுப்புவது மிக மோசமான பழக்கம். பல அலுவலகங்களில் படங்கள் தானாக இறங்காது. வாங்குநர் காண்பது வெற்றுக் கட்டம். இறங்கினாலும் ஆர்டிகிள் எண்ணை நகலெடுத்து ஆர்டரில் ஒட்ட முடியாது. விவரங்கள் எழுத்தாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும், அது இறங்காதபோது தோன்றும் மாற்றுரை வேண்டும். அதே மடலில் வெறும் எழுத்து வடிவம் ஒன்றையும் மைம் என்ற மின்னஞ்சல் வடிவ முறைப்படி சேர்ப்பது வழக்கம்.

அனுப்புமுன் லிட்மஸ் போன்ற கட்டணச் சேவையில் சோதிக்கலாம். செலவைக் குறைக்க, பழைய அவுட்லுக் உள்ள ஒரு கணினி, ஒரு ஐபோன், ஜிமெயில் உள்ள ஒரு ஆண்ட்ராய்டு போன் ஆகிய மூன்றிலும் திறந்து பார்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும்.