மகாபுத் விகாரையில் ஒரு தாய்ப்பேய்

பாங்கொக் நகரில் சுக்கும்வித் பெருவீதியின் 77ஆவது கிளைத்தெருவுக்குள் புகுந்து, பிரா கனோங் கால்வாய்ப் பக்கமாகச் சென்றால் மகாபுத் விகாரை வரும். அங்கே புத்தரை வணங்கச் செல்வோரும் உண்டு. ஆனால், கூட்டம் திரள்வது வளவுக்குள் இருக்கும் தாழ்ந்த கூரையுடைய ஒரு சிறு மண்டபத்தில்தான். அங்கு வழிபடப்படுபவள் ஒரு பேய். பெயர் மே நாக். 'மே' என்றால் தாய்.

கதை தாய்லாந்தில் எல்லோரும் அறிந்தது. கணவன் மாக் போருக்குக் கொண்டுசெல்லப்படுகிறான். கர்ப்பிணியான நாக், பிரசவத்தில் குழந்தையோடு இறந்துபோகிறாள். திரும்பி வந்தவனை மனைவியும் பிள்ளையும் வீட்டில் எதிர்கொள்கின்றனர். அயலவர் சொன்னதை அவன் நம்பவில்லை. ஒருநாள் அவள் சமைத்துக்கொண்டிருக்கையில் தேசிக்காய் ஒன்று பலகைத் தளத்தின் இடுக்கால் கீழே விழ, மேலிருந்தபடியே கையை நீள நீட்டி அதனை எடுக்கிறாள். (இறந்த பின்னும் அவளுக்கு அடுப்படியிலிருந்து விடுதலை இல்லை.) அவன் ஓடிச்சென்று விகாரையில் ஒளிகிறான். இறுதியில் சொம்தெத் தோ (1788–1872) என்னும் புகழ்பெற்ற துறவி அவளை அமைதிப்படுத்தி, நெற்றி எலும்பில் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டார் என்பது ஐதீகம்.

நான் சென்றபோது, பொன்தாள் ஒட்டிய அவளது உருவம் மடியில் குழந்தையோடு அமர்ந்திருந்தது. சுற்றிலும் பட்டுச் சட்டைகள், பிள்ளைக்கு விளையாட்டுப் பொருட்கள், அவள் பார்ப்பதற்கென ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. காதல் கைகூடவும் லொத்தரில் வெல்லவும் வேண்டுவோர் ஒருபுறம். ஏப்ரல் மாதத்தில் இராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் சீட்டுக் குலுக்கலில் சிவப்புச் சீட்டு வராமல் கறுப்புச் சீட்டு வரவேண்டுமென நேர்ந்துகொள்ளும் இளைஞர் மறுபுறம். கணவனைப் படைக்குப் பறிகொடுத்தவள் தங்கள் பக்கம் நிற்பாள் என்பது அவர்களது கணக்கு. பிள்ளையைப் பிடித்துச் சென்றுவிடுவார்களோ என்று வாசலைப் பார்த்திருந்த தாய்மாரை அறிந்த நமக்கு அந்தக் கணக்கை விளக்கவேண்டியதில்லை.

இந்தப் பேயைத் துப்புத்துலக்கியவர் ஒரு பத்திரிகைக்காரர். கே. எஸ். ஆர். குலாப் என்பவர் 'சயாம் பிரபேத்' என்ற தமது சஞ்சிகையில் 1899இல் எழுதினார். நாக் ஊர்த்தலைவர் ஒருவரின் மகள். கணவன் பெயர் சும். 'கோன்' கூத்தில் தசகண்டன் வேடம் கட்டியவர். ஆம், நமது இலங்கை வேந்தன் இராவணன்தான்! தந்தை மறுமணம் செய்தால் சொத்துப் பங்குபோய்விடுமே என்று அஞ்சிய பிள்ளைகளே, தாயின் ஆவிபோல நடித்துக் கால்வாயில் போவோர்மீது கல்லெறிந்தார்களாம். நூறாண்டுக்கு முன்னர் பேயிடமே 'பின்னணி என்ன' என்று கேட்ட அந்தச் சக தொழிலாளிமீது எனக்குச் சற்றுப் பொறாமை உண்டு.

ஆயினும் குலாப் ஒன்றை மறுக்கவில்லை. அந்தப் பெண் பிள்ளைப்பேற்றில் இறந்தாள் என்பதே அது. பேயை நீக்கினாலும் சாவு எஞ்சி நிற்கிறது.

அங்கு நின்றபோது எனக்கு இணுவில் நினைவு வந்ததற்குக் காரணம் இதுவே. குலாப் எழுதியதற்கு முந்திய ஆண்டு, 1898இல், அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோரின் முயற்சியால் இணுவிலில் பெண்களுக்கான மக்லியொட் ஆஸ்பத்திரி தொடங்கப்பட்டது. மேரி, மார்கரெட் லீச் சகோதரிகள் அதற்காகப் பணம் திரட்டினர். மருத்துவர் இசபெல்லா கர் நெடுங்காலம் அங்கு பணியாற்றினார். அயலூரான மானிப்பாயிலிருந்த சாமுவேல் கிறீன் 1857இலேயே பிரசவ வைத்திய நூலைத் தமிழில் தந்துவிட்டார். ஆனால், ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டக் கூசிய பெண்களுக்கு நூல் மட்டும் போதவில்லை. 'நீ எங்கே பிறந்தாய்?' என்றால் 'இணுவில் ஆஸ்பத்திரியில்' என்று விடைகூறும் பல தலைமுறையினர் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள்.

அதற்கு முன்னர் நம்மிடம் இருந்தது கொத்தி. பிள்ளை பெற்ற வீட்டைத் தேடி வரும் என்று யாழ்ப்பாணத்தார் அஞ்சிய பேய். அதனைக் கலைப்பதற்கென்றே ஒரு சடங்கும் இருந்தது. சயாமில் இறந்த தாய் பேயானாள். இங்கே தாயைக் கொல்வது பேய் என்றனர். இறந்தவளுக்கு நாம் மண்டபம் கட்டவில்லை, சுமைதாங்கி நாட்டினோம். வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவள், வழிப்போக்கரின் சுமையை இறக்குவித்து ஆறுதலடைவாள் என்ற நம்பிக்கை அது. சில கற்களில் பெயர் வெட்டப்பட்டது, பலவற்றில் இல்லை. வீதிகளை அகலித்தபோது அவற்றுட் பல பிடுங்கப்பட்டன.

சந்தையால் வரும் வழியில் அப்படியொரு கல் நின்றது. கடகத்தை அதன்மேல் இறக்கும்போதெல்லாம் என் அம்மம்மா, "ஆர் பெத்த பிள்ளையோ" என்பார். அவளின் பெயர் என்னவென்று ஒருமுறை கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.